பன்னிரண்டு வருஷ மறுமதிப்பீடு

நல்லா எழுதின பேப்பர்ல ஃபெயில்னு ரிசல்ட் வந்தா என்ன பண்ணுவீங்க? முதல்ல நம்ப மாட்டீங்க. அப்புறம் போட்டோகாப்பிக்கு அப்ளை பண்ணுவீங்க, அதைப் பார்த்துட்டு மறுமதிப்பீட்டுக்குப் போவீங்க. எங்கேயோ ஒரு ஆள் உங்க விடைத்தாளைத் திரும்பப் பிரிச்சுப் பார்ப்பார்ங்கிற நம்பிக்கைதான் அத்தனைக்கும் அடிப்படை.

இப்போ கொஞ்சம் மாத்தி யோசிங்க. முதல்ல திருத்தினவங்களோட ஆட்களே மறுபடியும் திருத்துறாங்க. விடைத்தாளை உங்க கண்ணுல காட்டவே மாட்டாங்க. நீங்க எழுதாத ஒரு பேப்பரை உங்க பேர்ல சேர்த்திருக்காங்க. போனது ஒரு பேப்பர் இல்லை. வேலை, குடும்பம், நாடு எல்லாமே. அப்படி ஒரு நிலையில் மாட்டி, தன் பெயரை மீட்க 12 ஆண்டுகள் போராடிய ஒரு ராணுவ அதிகாரியின் கதை இது. பெயர் அல்ஃபிரட் டிரைஃபஸ். வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்து போயிருப்பீங்க. ஆனா அவரும் நம்ம ஜாதிதான்: இன்ஜினியரிங் படிச்சவர்!

நம்மைப் போல் ஒரு மாணவர்

1859 அக்டோபர் 9 அன்று பிரான்சின் அல்சேஸ் பகுதியில் உள்ள முல்ஹவுஸ் நகரில் டிரைஃபஸ் பிறந்தார். யூதக் குடும்பம். அப்பாவுக்குத் துணி ஆலை; வசதிக்குக் குறைவில்லை. அவருக்கு 11 வயதிருக்கும்போது பிரான்சுக்கும் ஜெர்மானியர்களுக்கும் நடந்த போரில் பிரான்ஸ் தோற்றது. அல்சேஸ் ஜெர்மனியின் கைக்குப் போனது. சொந்த ஊரிலேயே அந்நிய ராணுவம் நடமாடுவதைப் பார்த்த அந்தப் பையன், பிரெஞ்சு ராணுவத்தில் சேருவதே தன் வாழ்க்கை என்று முடிவு செய்தான். பின்னாளில் இதே ஆள்தான் ஜெர்மனிக்கு ரகசியம் விற்றதாகச் சிறைக்குப் போகப் போகிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

1878ல் பாரிஸின் எக்கோல் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. அங்கே நுழைவது நம்ம ஊரில் ஐஐடி சீட் வாங்குவது மாதிரி. கணிதமும் இயற்பியலும் படித்து, பீரங்கிப் படை அதிகாரியாக வெளியே வந்தார். 1889ல் கேப்டன். அடுத்த ஆண்டு லூசி ஹடமார்டுடன் திருமணம். சிக்னல் பிராசஸிங் படிக்கும்போது ஹடமார்ட் மேட்ரிக்ஸ் வருமே, அந்தக் கணித மேதை ஜாக் ஹடமார்ட் லூசிக்கு உறவினர்தான். ஒரு மகன், ஒரு மகள். 1893ல் ராணுவத்தின் பொதுத் தலைமையகத்தில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

குப்பைக்கூடையில் ஒரு காகிதம்

பிரெஞ்சு ராணுவத்தின் உளவுத் துறைக்கு அப்போது 'புள்ளியியல் பிரிவு' என்று ஒரு அப்பாவிப் பெயர். பாரிஸில் இருந்த ஜெர்மன் தூதரகத்தில் துப்புரவு வேலை செய்த ஒரு பெண், குப்பைக்கூடைக் காகிதங்களைத் திரட்டி இந்தப் பிரிவுக்குக் கொடுத்து வந்தார். 1894 செப்டம்பரில் அப்படி வந்த கிழிந்த துண்டுகளை ஒட்டிப் பார்த்தால், ஒரு கடிதம். கையெழுத்திடாத யாரோ ஒரு பிரெஞ்சு அதிகாரி, ஜெர்மன் ராணுவப் பிரதிநிதிக்கு ரகசிய ஆவணங்களை அனுப்புவதாக எழுதியிருந்தார். 120 மில்லிமீட்டர் பீரங்கியின் ஹைட்ராலிக் பிரேக் பற்றிய குறிப்பு அந்தப் பட்டியலில் முதலில் இருந்தது.

பீரங்கி விவரம் தெரிந்தவர், தலைமையகத்தின் பல பிரிவுகளில் வேலை பார்த்தவர் என்று வடிகட்டினார்கள். கையெழுத்து கொஞ்சம் ஒத்துப்போகிற மாதிரி தெரிந்ததும் டிரைஃபஸிடம் வந்து நின்றார்கள். அவர் யூதர், அல்சேஸ்காரர் என்பது சந்தேகத்தை உறுதியாக்கப் போதுமானதாக இருந்தது. கடிதத்தை எழுதியவர், தான் ராணுவப் போர்ப் பயிற்சிக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருந்தார். டிரைஃபஸோ அந்த ஆண்டு பயிற்சிக்குப் போகவே இல்லை. இந்த ஒரு விஷயத்தைச் சரிபார்த்திருந்தாலே கேஸ் முடிந்திருக்கும்.

அக்டோபர் 15 காலையில் அவரைச் சீருடை இல்லாமல் வரச் சொன்னார்கள். ஒரு மேஜர் தனக்கு விரலில் காயம் என்று சொல்லி, ஒரு கடிதத்தை எழுதித்தரச் சொன்னார். அதில் அந்த ரகசியக் கடிதத்தின் சொற்களைக் கலந்திருந்தார். கை நடுங்குகிறதா என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. எழுதிக்கொண்டிருக்கும்போதே கைது செய்தார்கள். பக்கத்தில் ஒரு துப்பாக்கியும் இருந்தது, தானே சுட்டுக்கொண்டால் எல்லோருக்கும் வேலை மிச்சம் என்ற கணக்கில். டிரைஃபஸ் அதைத் தொடவில்லை. தான் நிரபராதி என்பதை நிரூபிக்க உயிரோடு இருந்தாக வேண்டும் என்று அந்த அறையிலேயே முடிவெடுத்துவிட்டார். 35 வயது முடிந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

எந்த ரீடிங் வந்தாலும் பொருந்தும் கிராஃப்

கையெழுத்தை ஐந்து பேர் ஆராய்ந்தார்கள். இரண்டு பேர் இது டிரைஃபஸ் எழுதியதல்ல என்றார்கள். மூன்று பேர் அவருடையது என்றார்கள். அந்த மூவரில் ஒருவர்தான் அல்ஃபோன்ஸ் பெர்டிலான், பாரிஸ் போலீஸின் அடையாளப் பிரிவுத் தலைவர். குற்றவாளிகளின் உடல் அளவுகளை எடுத்துப் பதிவு செய்யும் முறையை உருவாக்கி உலகப் புகழ் பெற்றவர். ஆனா கையெழுத்து அவருடைய துறையே இல்லை.

அவர் சொன்ன கோட்பாட்டைக் கேளுங்க. கடிதத்தின் எழுத்து டிரைஃபஸின் எழுத்தோடு ஒத்துப்போகிற இடங்களில், அது அவர் எழுதியதற்குச் சான்று. ஒத்துப்போகாத இடங்களில், மாட்டிக்கொள்ளாமல் இருக்க அவர் தன் எழுத்தையே வேண்டுமென்று மாற்றி எழுதியதற்குச் சான்று. ஒத்தாலும் குற்றவாளி, ஒக்காவிட்டாலும் குற்றவாளி! லேபில் எந்த ரீடிங் வந்தாலும் கிராஃபில் பொருந்துகிறது என்றால், அந்த கிராஃப் எதையும் அளக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

வழக்கு முழுக்க இதே தர்க்கம்தான். வீட்டைச் சோதனை போட்டு ஒன்றும் கிடைக்கவில்லையா, அழித்துவிட்டார். பல மொழிகள் தெரிந்ததும் நல்ல ஞாபகசக்தி இருந்ததும்கூட அறிக்கையில் அவருக்கு எதிராகவே ஏறின. டிசம்பரில் மூடிய கதவுகளுக்குள் ராணுவ நீதிமன்றம் கூடியது. அப்படியும் ஆதாரம் போதவில்லை. அதனால் 'ரகசியக் கோப்பு' ஒன்றை நீதிபதிகளிடம் தனியாகக் கொடுத்தார்கள். அதில் டி என்ற முதலெழுத்துள்ள யாரோ ஒருவரைப் பற்றிய ஒரு கடிதமும் இருந்தது. டிரைஃபஸுக்கோ அவருடைய வக்கீலுக்கோ அப்படி ஒரு கோப்பு இருப்பதே தெரியாது. ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக ஆயுள் முழுதும் நாடுகடத்தச் சொன்னார்கள்.

1895 ஜனவரி 5, ராணுவப் பள்ளியின் பெரிய முற்றம். அணிவகுத்து நின்ற படைவீரர்கள் முன்னால் அவருடைய சட்டைப் பொத்தான்களையும் பதவிப் பட்டைகளையும் பிய்த்தெறிந்தார்கள், வாளை இரண்டாக உடைத்தார்கள். வெளியே கூட்டம் சாகச் சொல்லிக் கத்தியது. டிரைஃபஸ் தான் நிரபராதி என்று திரும்பத் திரும்ப உரக்கச் சொல்லிக்கொண்டே அந்த முற்றத்தைச் சுற்றி நடந்தார்.

தீவு

ரா. கி. ரங்கராஜன் தமிழில் தந்த 'பட்டாம்பூச்சி' படிச்சவங்களுக்கு, தென் அமெரிக்கக் கரையோரம் இருக்கும் அந்தச் சாத்தான் தீவு தெரிஞ்சிருக்கும். பட்டாம்பூச்சி அங்கே போய்ச் சேர்வதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, 1895 ஏப்ரலில் டிரைஃபஸ் அங்கே இறக்கப்பட்டார். நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டரில் ஒரு கல் அறை. காவலர்கள் அவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்று உத்தரவு. 1896ல் அவர் தப்பிவிட்டதாக ஒரு பொய்ச் செய்தி வந்தது. வழக்கை ஊர் மறந்துவிடக் கூடாது என்று அவருடைய அண்ணன் மத்யூவே ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் வரவழைத்த செய்தி அது. அதற்குத் தண்டனையை அனுபவித்தது தம்பி: வாரக்கணக்கில் ஒவ்வொரு இரவும் காலில் விலங்கிட்டுக் கட்டிலோடு பூட்டினார்கள். குடிசையைச் சுற்றி உயர வேலி எழுப்பி, கடலைக்கூட மறைத்தார்கள்.

பைத்தியம் பிடிக்காமல் இருக்க என்ன செய்தார் தெரியுமா? ஆங்கிலம் கற்றார், ஷேக்ஸ்பியர் படித்தார், கணக்குப் போட்டார். மனைவிக்குக் கடிதம் எழுதினார். எதை எழுதினாலும் அதிகாரிகள் படித்துப் பார்த்துதான் அனுப்புவார்கள். தன் பெயரில் ஒரு நாடே இரண்டாகப் பிளந்து சண்டை போடுவது அந்தத் தீவில் இருந்தவருக்குத் தெரியவே தெரியாது.

விடைத்தாளைத் திறந்தவர்

மறுமதிப்பீடு எங்கிருந்து தொடங்கியது என்பதுதான் ஆச்சரியம். டிரைஃபஸின் நண்பர்களிடமிருந்து அல்ல. உளவுப் பிரிவுக்குப் புதுத் தலைவராக வந்த ஜார்ஜஸ் பிக்கார் என்ற அதிகாரிக்கு யூதர்கள் மேல் பிரியமெல்லாம் கிடையாது. 1896ல் அதே குப்பைக்கூடை வழியாக எஸ்டர்ஹாசி என்ற மேஜருக்கு எழுதப்பட்ட ஒரு தந்தி அட்டை அவர் கைக்கு வந்தது. கடனில் மூழ்கிக்கிடந்த ஆள் இந்த எஸ்டர்ஹாசி. அவர் எழுதிய கடிதங்களைப் பார்த்ததும் பிக்காருக்குப் பொறி தட்டியது. 1894ன் ரகசியக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்தார். ஒரே கை!

மேலதிகாரிகளிடம் சொன்னார். தப்பு நடந்திருந்தால் திருத்துவார்கள் என்று நினைத்தார். அவர்கள் பிக்காரையே துனிசியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்குக் கீழே வேலை பார்த்த மேஜர் ஆன்ரி, டிரைஃபஸின் பெயரோடு ஒரு புது 'ஆதாரத்தை'த் தானே தயாரித்தார். கோப்பு இன்னும் தடித்தது.

இதற்கிடையே மத்யூ, குடும்ப ஆலையை விட்டுவிட்டுத் தம்பிக்காகத் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தார். ரகசியக் கடிதத்தின் நகலை அச்சடித்துப் பரப்பினார். 1897ல் அதைப் பார்த்த ஒரு வங்கிக்காரர், இது தன் வாடிக்கையாளர் எஸ்டர்ஹாசியின் எழுத்தாயிற்றே என்று அடையாளம் கண்டார். மத்யூ பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். ராணுவம் எஸ்டர்ஹாசியை விசாரித்தது. 1898 ஜனவரி 11 அன்று, சில நிமிட ஆலோசனையில், ஒருமனதாக விடுதலை செய்தது. மாட்டியது யார் என்றால், உண்மையைச் சொன்ன பிக்கார். அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

இரண்டே நாளில் எழுத்தாளர் எமில் ஸோலா, பொறுப்பான தளபதிகளின் பெயர்களை எல்லாம் குறிப்பிட்டு ஒரு பத்திரிகையின் முதல் பக்கம் முழுக்கக் குற்றச்சாட்டுக் கடிதம் எழுதினார். தன் மேல் வழக்குப் போடுவார்கள், அந்த வழக்கிலாவது உண்மை வெளியே வரும் என்பதுதான் அவருடைய திட்டம். வழக்குப் போட்டார்கள். ஓராண்டுச் சிறை, 3000 ஃபிராங்க் அபராதம். ஸோலா லண்டனுக்குத் தப்பிப்போக வேண்டியதாயிற்று.

கடைசியில் ராணுவத்தின் பொய்யை உடைத்தது ஒரு விளக்கு வெளிச்சம். ஆன்ரி தயாரித்த கடிதத்தைப் போர் அமைச்சர் நாடாளுமன்றத்தில் பெருமையாகப் படித்துக்காட்டியிருந்தார். ஆகஸ்ட் மாத இரவொன்றில் கேப்டன் குய்னே கோப்பைச் சரிபார்க்கும்போது, அந்த ஒரே கடிதத்தின் துண்டுகளில் கட்டக் கோடுகள் இரண்டு வேறு நிறத்தில் இருப்பதைக் கவனித்தார். இரண்டு தாள்களை வெட்டி ஒட்டிய வேலை. ஆன்ரி ஒப்புக்கொண்டார். மறுநாள் சிறைக்கூடத்தில் கழுத்து அறுபட்டு இறந்துகிடந்தார். எஸ்டர்ஹாசி இங்கிலாந்துக்கு ஓடிப்போனார்.

சீனியர் போட்ட கணக்கு

1899 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய தீர்ப்பை ரத்து செய்து, ரென் நகரில் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. நாலு வருஷத்துக்கு மேல் பேசாமலே இருந்து குரல் தேய்ந்து, முடி நரைத்து, 39 வயதில் கிழவரைப் போல டிரைஃபஸ் வந்து நின்றார். 1894ல் எதிராகச் சொன்ன கையெழுத்து நிபுணர்களில் ஒருவரான ஷாரவே, தான் செய்தது தவறு என்று அந்த நீதிமன்றத்திலேயே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பெர்டிலான் மட்டும் அசையவில்லை. இந்த முறை நிகழ்தகவுக் கணக்கோடு வந்திருந்தார்.

கணக்கு இதுதான். கடிதத்தில் 13 சொற்கள் திரும்ப வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தொடக்கம், முடிவு என்று பார்த்தால் 26 இடங்களில் பொருத்தம் ஏற்படலாம். தற்செயலாக ஓர் இடம் பொருந்துவதற்கான வாய்ப்பு 0.2. நான்கு இடங்கள் பொருந்தியிருக்கின்றன. ஆகவே 0.2ஐ நான்கு முறை பெருக்கினால் 0.0016. தற்செயல் என்பதற்கு இடமே இல்லை!

எங்கே தப்பு என்று கண்டுபிடிச்சிட்டீங்களா? அந்த 0.0016, நான்கே இடங்களைப் பார்த்து நான்கும் பொருந்துவதற்கான வாய்ப்பு. பார்த்தது நான்கு இடமா, 26 இடமா? 26ஐ 0.2ஆல் பெருக்குங்க: 5.2. அதாவது எந்தச் சூழ்ச்சியும் இல்லாமலே சராசரியாக ஐந்து இடங்கள் பொருந்தியிருக்க வேண்டும். கிடைத்ததோ நான்கு. இந்த ஓட்டையைக் கடிதமாக எழுதிக் கொடுத்தவர் ஆன்ரி பாயின்காரே. டிரைஃபஸ் படித்த அதே பாலிடெக்னிக்கில் அவருக்கு ஐந்து வருஷ சீனியர். அந்தக் காலத்தின் மிகப் பெரிய கணித மேதை. சரியான வாய்ப்பு 0.7 அளவில் இருக்கும், பெர்டிலான் சொன்னதைவிட 400 மடங்குக்கு மேல் என்று அவர் காட்டினார்.

அந்தக் கடிதம் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. ஐந்து நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஐந்துக்கு இரண்டு என்ற வாக்கில் மீண்டும் குற்றவாளி! ஆனால் தணிக்கும் சூழ்நிலைகள் இருப்பதால் பத்தாண்டுச் சிறை. தேசத்துரோகத்துக்கு என்னங்க தணிக்கும் சூழ்நிலை? தளபதிகளைக் கைவிடவும் மனமில்லை, மனசாட்சியை முழுசாக மறைக்கவும் முடியவில்லை. அந்தத் தீர்ப்புக்கு வேறு விளக்கம் இல்லை.

மன்னிப்பும் தீர்ப்பும்

பத்து நாளில் குடியரசுத் தலைவர் மன்னிப்பு வழங்கினார். வீட்டுக்குப் போகலாம். உடல் உருக்குலைந்திருந்தது, இன்னொரு சிறைவாசத்தைத் தாங்காது. டிரைஃபஸ் ஏற்றுக்கொண்டார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பை ஏற்பதா என்று அவருக்காகப் போராடியவர்களிலேயே சிலர் கோபித்துக்கொண்டார்கள். தீவில் கிடந்தது அவர்கள் இல்லையே! ஆனால் ஏற்ற கையோடு அவர் ஓர் அறிக்கையும் விட்டார். பெயர் மீளாத விடுதலை தனக்கு விடுதலை இல்லை, தொடர்ந்து போராடுவேன் என்பது அதன் சாரம்.

மன்னிப்பு என்பது ஃபெயில் மார்க்கை அப்படியே வைத்துக்கொண்டு டிகிரி தருவது மாதிரி. விடைத்தாள் திறக்கப்படுவதில்லை. யார் தப்பாகத் திருத்தினார் என்ற கேள்வியே எழுவதில்லை. 1900 டிசம்பரில் அரசு இன்னும் ஒரு படி போய், இந்த விவகாரத்தில் போலி ஆவணம் தயாரித்தவர்கள் உட்பட எல்லோர் மேலும் உள்ள வழக்குகளைச் சட்டம் போட்டு மூடியது. டிரைஃபஸ் தன் வழக்கைத் திறக்கக் கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சியது.

1903ல் அந்த உரிமையைப் பயன்படுத்தி மனுப் போட்டார். நீதிமன்றம் பெர்டிலானின் வேலையை ஆராய பாயின்காரே, டார்பூ, அப்பெல் என்ற மூன்று கணித அறிஞர்களை நியமித்தது. அவர்கள் பாரிஸ் வானாய்வகத்தின் துல்லிய அளவுக் கருவியில் அந்தக் கடிதத்தைப் புதிதாக அளந்தார்கள். 1904ல் வந்த அறிக்கை, பெர்டிலான் அளந்ததே தப்பான நகலை, போட்ட கணக்கும் தப்பு, இந்த முறைக்கு அறிவியல் மதிப்பு எதுவும் இல்லை என்று முடித்தது.

1906 ஜூலை 12. உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ரென் தீர்ப்பை ரத்து செய்தது. இனி விசாரிக்க ஒன்றுமே மிச்சமில்லை, ஆகவே மறுவிசாரணையும் வேண்டாம் என்று சொன்னது. மறுநாள் நாடாளுமன்றம் அவரை மேஜராகவும், பிக்காரை பிரிகேடியர் ஜெனரலாகவும் ராணுவத்தில் சேர்த்தது. அதே மாதம், வாளை உடைத்த அதே ராணுவப் பள்ளியின் இன்னொரு முற்றத்தில், அவர் நெஞ்சில் லீஜியன் ஆஃப் ஹானர் பதக்கம் குத்தப்பட்டது.

திரும்பி வராதது

சுபம் போட்டுவிடலாம்னு பார்த்தா, முடியவில்லை. தீவிலும் சிறையிலும் போன வருஷங்களைப் பணிமூப்பில் சேர்க்கவில்லை. கூடப் படித்தவர்கள் எல்லாம் மேலே போயிருந்தார்கள். போர் அமைச்சராக உயர்ந்த பிக்காரும் அதைச் சரிசெய்து தரவில்லை. 1907ல் டிரைஃபஸ் ஓய்வு பெற்றார். 1908ல் ஸோலாவின் உடல் தேசிய நினைவாலயத்துக்கு மாற்றப்பட்ட விழாவில் ஒருவன் அவரைச் சுட்டான், கையில் காயம். சுட்டவனை நீதிமன்றம் விடுதலை செய்தது. நாடு அவரை இன்னும் முழுசாக நம்பவில்லை.

1914ல் உலகப்போர் வந்தபோது அவருக்கு 54 வயது. இவ்வளவு செய்த ராணுவத்துக்கே திரும்பப் போனார். 1917ல் ஷெமன் தே தாம் போர்முனையில் பீரங்கிப் படையில் நின்றார். 1930ல், இறந்துபோயிருந்த அந்த ஜெர்மன் ராணுவப் பிரதிநிதியின் குறிப்புகள் வெளியாகின. ரகசியம் விற்றது எஸ்டர்ஹாசிதான் என்று அதில் தெளிவாகவே இருந்தது. அதைப் பார்க்க டிரைஃபஸ் உயிரோடு இருந்தார். 1935 ஜூலை 12 அன்று காலமானார். பெயர் மீண்டு சரியாக 29 ஆண்டு கழித்து, அதே தேதி.

2025 ஜூனில் பிரான்சின் தேசிய சட்டமன்றம், அவருக்கு பிரிகேடியர் ஜெனரல் பதவி வழங்க ஒருமனதாக வாக்களித்தது. அந்தப் பணிமூப்புக் கணக்கைச் சரிசெய்ய 119 ஆண்டுகள்!

இந்தக் கதையில் ஒன்றைக் கவனிங்க. டிரைஃபஸைக் காப்பாற்றியதில் ஸோலாவின் பேனாவுக்கும் மத்யூவின் பாசத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனா பூட்டைத் திறந்தது மூன்று சின்ன வேலைகள்: பிக்கார் இரண்டு கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், குய்னே தாளின் கோட்டு நிறத்தைப் பார்த்தார், பாயின்காரே ஒரு பெருக்கலைச் சரிபார்த்தார். மூன்றும் நாம தினமும் லேபில் செய்கிற, பல நேரம் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடுகிற வேலைகள். பக்கத்து பெஞ்ச் ரீடிங்கைப் பார்த்து கிராஃப் வரையத் தோணும்போது, நாலு மீட்டர் அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அந்த ஆளைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.